காந்திபுரமும் ஆர். எஸ். புரமும்: கோவையின் பழைய புறநகர்க் கடைவீதிகளும் மறுசீரமைப்பு விவாதங்களும்

காந்திபுரம், ஆர். எஸ். புரம் ஆகிய இரண்டும் இன்று கோயம்புத்தூர் மாநகரின் நடுப்பகுதிகளாகக் கருதப்படுகின்றன. துணி, நகை, கைபேசி, மின்னணுப் பொருள்கள் வாங்குவதற்குக் கொங்கு வட்டாரத்தின் பல ஊர்களிலிருந்தும் மக்கள் இங்கே வருகின்றனர். ஆனால் இரண்டும் நகரின் நடுவில் தோன்றியவை அல்ல. ஒன்று பிளேக் நோய்க்கு அஞ்சி நகருக்கு வெளியே அமைத்த குடியிருப்பு. மற்றொன்று மத்திய சிறைக்கு வடக்கே, ஊர் முடிந்த இடத்தில் வளர்ந்த பகுதி.

இவற்றை எவ்வாறு புதுப்பிப்பது என்ற விவாதம் 2010-க்குப் பின் கோவையில் தொடர்ந்து நடந்து வருகிறது. மேம்பாலம், அடுக்குமாடி வாகன நிறுத்தம், மாதிரிச் சாலை, பேருந்து நிலைய இடமாற்றம், மெட்ரோ ரயில் என ஒவ்வொரு திட்டத்தையொட்டியும் அது புதிதாக எழுந்தது. இந்த விவாதங்கள் அனைத்துக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. பேச்சு எப்போதும் வண்டிகளைப் பற்றியதாகவே இருந்தது. கடைவீதியைப் பற்றிய நேரடி விவாதம் நடக்கவில்லை. கடைவீதிகள் உருவான வரலாற்றைப் பார்த்தால் இதன் விளைவு என்னவென்று விளங்கும்.

புறநகராகப் பிறந்தவை

19-ஆம் நூற்றாண்டின் கோவை மிகச் சிறியது. கோட்டை, பேட்டை, பெரிய கடை வீதி, இராஜ வீதி, ஒப்பணக்கார வீதி ஆகியவற்றைச் சுற்றியே வணிகம் நடந்தது. 1866-இல் நகராட்சி அமைந்தது. 1872-இல் நிறுவப்பட்ட மத்திய சிறை ஊருக்கு வடக்கே விரிந்த நிலத்தில் இருந்தது. வ. உ. சிதம்பரனார் 1908-க்குப் பின் அடைக்கப்பட்டுச் செக்கிழுத்த சிறை இதுவே. 1888-இல் ஸ்டேன்ஸ் குடும்பத்தினரின் நூற்பாலை தொடங்கியது. அடுத்த இருபதாண்டுகளுக்குள் காட்டூரில் காளீஸ்வரா மில் எழுந்தது. ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளும் அதையொட்டிப் பெருகின. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் விரைவாகப் பெருகியதை கோவையின் எல்லா வரலாறுகளும் சொல்கின்றன.

20-ஆம் நூற்றாண்டின் முதல் நாற்பதாண்டுகளில் பிளேக் நோய் கோவையைப் பலமுறை தாக்கியது. நகரின் பல தெருக்களில் இன்றும் வழிபாட்டில் உள்ள பிளேக் மாரியம்மன் கோவில்கள் அக்காலத்தின் எச்சங்கள். நெருக்கமான பேட்டைத் தெருக்களிலிருந்து மக்களை வெளியே குடியமர்த்த வேண்டும் என்ற எண்ணம் நகராட்சியில் வலுப்பட்டது. அதன் பயனாக மேற்கே உருவான புதிய குடியிருப்புக்கு, நகராட்சித் தலைவராக இருந்த திவான் பகதூர் சி. எஸ். இரத்தினசபாபதி முதலியாரின் பெயர் இடப்பட்டது. இரத்தினசபாபதிபுரம் என்பதே ஆர். எஸ். புரம் எனச் சுருங்கியது. அதன் முதன்மையான தெருவான டி. பி. சாலையின் விரிவு திவான் பகதூர் சாலை. தெருக்கள் நேர்கோட்டில் அமைந்து ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டுகின்றன. மனைகள் பெரியவை, வீட்டைச் சுற்றித் தோட்டம் விட்டுக் கட்டியவை. பிற்காலத்தில் வீட்டின் முன்புறத் தோட்டத்தில் கடை கட்ட முடிந்ததற்கும், பின்னர் வீட்டையே இடித்து வணிக வளாகம் எழுப்ப முடிந்ததற்கும் இந்த மனை அளவே காரணம்.

காந்திபுரத்தின் கதை வேறு. இங்கு முதல் வீதி, இரண்டாம் வீதி என எண்ணிட்ட தெருக்கள்தான் உண்டு. மனைகள் சிறியவை. பிளேக் காலத்து நகராட்சி ஆர். எஸ். புரத்துக்குத் தந்த கவனம் இப்பகுதிக்குக் கிடைத்ததாகத் தெருக்களின் அமைப்பு காட்டவில்லை. நஞ்சப்பா சாலை, கிராஸ்கட் சாலை, நூறடிச் சாலை, சத்தியமங்கலம் சாலை, பாரதியார் சாலை ஆகியவை ஒரே இடத்தை நோக்கி வந்து சேர்வதே அதன் முதலீடு. அந்த இடத்தில் பேருந்துகள் நின்றன.

பேருந்து நிலையம் வளர்த்த கடைவீதி

1970-களில் காந்திபுரம் மத்தியப் பேருந்து நிலையம் அமைந்தது. ஈரோடு, சேலம், திருப்பூர், சத்தியமங்கலம் பக்கத்துப் பேருந்துகள் இங்கு வந்தன. எதிரே நகரப் பேருந்து நிலையம், சற்றுத் தள்ளி விரைவுப் பேருந்து நிலையம், சத்தி சாலையில் தனியார் ஆம்னிப் பேருந்து நிலையம் என நான்கு நிலையங்கள் நடந்து செல்லும் தொலைவில் அமைந்துவிட்டன. வெளியூர்ப் பேருந்தில் இறங்குபவர் சாலையைக் கடந்து டவுன் பஸ் ஏற வேண்டும். அந்தச் சில நூறு அடி நடைதான் காந்திபுரத்தின் வணிகம்.

லாட்ஜுகள், மெஸ்கள், பயணச்சீட்டு முகவர்கள், கோவைக்கே உரிய டீக்கடையும் பேக்கரியும் கலந்த கடைகள் ஆகியவை முதலில் வந்தன. பின்னர் கிராஸ்கட் சாலையில் துணிக்கடைகளும் நகைக்கடைகளும் வரிசை கட்டின. எண்ணிட்ட வீதிகளின் பழைய வீடுகளில் கணினி பழுதுநீக்கும் கடைகள், போட்டித் தேர்வுப் பயிற்சி மையங்கள், வேலைவாய்ப்பு முகமைகள் குடியேறின. ஆர். எஸ். புரத்துக்குக் காரில் வந்து பொருள் வாங்குபவர் அதிகம். காந்திபுரத்துக்குப் பேருந்தில் வருபவர் அதிகம். இரு கடைவீதிகளின் அடிப்படை வேறுபாடு இதுவே. மறுசீரமைப்புத் திட்டங்கள் இதனைப் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

கடைவீதி பழசாகிவிட்டது என்ற பேச்சு ஏறத்தாழ 2010-ஐ ஒட்டித் தொடங்கியது. 2009-இல் புரூக்ஃபீல்ட்ஸ், 2012-இல் பீளமேட்டில் ஃபன் ரிபப்ளிக், 2017-இல் சத்தி சாலையில் புரோசோன் என வணிக வளாகங்கள் வந்தன. குளிரூட்டிய கட்டடம், கீழ்த்தள வாகன நிறுத்தம், தூய்மையான கழிப்பறை ஆகியவற்றைப் பார்த்த பின் கிராஸ்கட் சாலையின் நெரிசல் பலருக்குப் பொறுக்க முடியாததாயிற்று. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் காவல்துறை கண்காணிப்புக் கோபுரங்கள் அமைத்து, வாகனங்களைத் திருப்பிவிட்டுக் கூட்டத்தைச் சமாளிக்கும் காட்சி ஆண்டுதோறும் செய்தியாகிறது. 2011-இல் மாநகராட்சி எல்லை சுமார் 105 சதுர கிலோமீட்டரிலிருந்து 250 சதுர கிலோமீட்டர் அளவுக்கு விரிந்து 100 வார்டுகள் ஆனபோது, பழைய புறநகர் முழுமையாக நகரின் மையமாகிவிட்டது. ஆனால் சாலைகளின் அகலம் பழைய புறநகருக்குரியதாகவே இருந்தது.

மேம்பாலமும் மாதிரிச் சாலையும்

முதல் பெரிய தலையீடு காந்திபுரம் ஈரடுக்கு மேம்பாலம். சுமார் 195 கோடி ரூபாய்த் திட்டம். நஞ்சப்பா சாலையிலிருந்து சத்தி சாலை நோக்கிச் செல்லும் முதல் அடுக்கு 2017-இல் திறக்கப்பட்டது. நூறடிச் சாலையிலிருந்து செல்லும் இரண்டாம் அடுக்கு அதன் பின்னர் முடிந்தது. பாலத்தை ஆதரித்தவர்கள், காந்திபுரத்தில் வேலை இல்லாத வண்டிகள் ஏன் அங்கு சிக்க வேண்டும் என்று கேட்டனர். நியாயமான கேள்விதான். எதிர்த்தவர்களின் பதிலும் எளிமையானது. காந்திபுரத்துக்கு வரும் பேருந்துகள் பாலத்தில் ஏறப் போவதில்லை. கிராஸ்கட் சாலையிலிருந்து வருபவர்களுக்கு ஏறுதளம் இல்லை. எனவே கீழே நெரிசல் குறையாது. பாலம் வந்த பிறகும் கீழ்ச்சாலையில் நெரிசல் தொடர்வதை அங்கு சென்று வரும் எவரும் அறிவர்.

மேம்பாலத்தால் கடைகளுக்கு என்ன நேர்ந்தது என்பது பற்றி இதைவிடக் குறைவாகவே பேசப்பட்டது. கட்டுமான ஆண்டுகளில் தடுப்புகளுக்குப் பின்னால் மறைந்துபோன கடைகள் பல. தூண் வரிசைக்கு இருபுறமும் சாலையைக் கடப்பது முன்னிலும் கடினமானது. எதிர்ப்பக்கக் கடைக்குச் செல்ல நினைக்கும் வாடிக்கையாளர் நடக்கும் தொலைவைக் கணக்கிடத் தொடங்கினால், சிறு கடைக்கு அதுவே இழப்பு.

ஆர். எஸ். புரத்தில் அணுகுமுறை மாறியது. நடுவண் அரசு 2016 ஜனவரியில் அறிவித்த முதல் 20 நகரங்களின் பட்டியலில், ஸ்மார்ட் சிட்டி எனப் பரவலாக அறியப்படும் சீர்மிகு நகரத் திட்டத்தின்கீழ், கோவையும் இடம்பெற்றது. அதன்படி டி. பி. சாலை மாதிரிச் சாலையாக மாற்றப்பட்டது. நடைபாதை அகலப்பட்டது, அமர இருக்கைகள் வந்தன, வாகனம் நிறுத்தும் இடம் வரையறுக்கப்பட்டது. அதே சாலையில் சுமார் 370 கார்கள் நிறுத்தக்கூடிய அடுக்குமாடி நிறுத்தம் 40 கோடி ரூபாய் அளவிலான செலவில் கட்டப்பட்டது.

கடையின் வாசலில் வண்டி நிறுத்த இடம் குறைந்தால் வாடிக்கையாளர் வரமாட்டார் என்பது வணிகர்களின் அச்சம். நடப்பதற்கு இடம் இருந்தால் கூடுதல் பேர் வருவார்கள் என்பது திட்டமிடுபவர்களின் வாதம். சென்னை தியாகராய நகரில் 2019 நவம்பரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறக்கப்படுவதற்கு முன்பும் இதே இரு வாதங்கள் மோதின. கோவையில் கிடைத்த விடை யாருக்கும் முழு வெற்றியல்ல. அடுக்குமாடி நிறுத்தம் எதிர்பார்த்த அளவு நிரம்பவில்லை. சாலையோரத்தில் நிறுத்த முடியும்வரை, கட்டணம் செலுத்தி மாடிக்குச் செல்ல மக்கள் விரும்பவில்லை. அகலப்படுத்திய நடைபாதையின் சில பகுதிகளை இருசக்கர வாகனங்கள் பிடித்துக்கொண்டன. ஆயினும் முதியவர்களும் குழந்தைகளோடு வருபவர்களும் நடக்கக்கூடிய கடைவீதி ஒன்று கோவைக்குக் கிடைத்தது. காந்திபுரத்தில் அதைவிடப் பல மடங்கு மக்கள் நடக்கிறார்கள், அங்கு இத்தகைய நடைபாதை இல்லை. காரில் வருபவர் மிகுந்த கடைவீதிக்கு நடைபாதையும், நடந்து வருபவர் மிகுந்த கடைவீதிக்கு மேம்பாலமும் கிடைத்தது விசித்திரம்தான்.

வெள்ளலூர்

காந்திபுரத்தின் எதிர்காலத்தை நேரடியாகத் தொட்ட விவாதம் வெள்ளலூர் ஒருங்கிணைந்த பேருந்து நிலையம் பற்றியது. கோவையில் வெளியூர்ப் பேருந்துகள் ஊர்களின் திசைக்கேற்ப வெவ்வேறு இடங்களிலிருந்து புறப்படுகின்றன. மதுரை, திருச்சி பக்கத்துக்குச் சிங்காநல்லூர், பொள்ளாச்சி, பழனி, பாலக்காடு பக்கத்துக்கு உக்கடம், மேட்டுப்பாளையம், உதகை பக்கத்துக்கு மேட்டுப்பாளையம் சாலைப் பேருந்து நிலையம், மற்றவற்றுக்குக் காந்திபுரம். இவற்றை ஒரே இடத்துக்குக் கொண்டுசெல்ல, நகரின் தென்கிழக்கே வெள்ளலூரில் 61 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் 168 கோடி ரூபாய் மதிப்பில் 2020-இல் பணி தொடங்கியது. 2021 ஆட்சி மாற்றத்துக்குப் பின் பணி நின்றது. அதற்குள் 50 கோடி ரூபாய்க்கு மேல் செலவாகியிருந்தது.

நிறுத்தியது அரசியல் காழ்ப்பு என்று அ.தி.மு.க. குற்றம்சாட்டிப் போராட்டங்கள் நடத்தியது. இடம் பொருத்தமானதா என்று மறு ஆய்வு செய்ய வேண்டும் என்பது மாநகராட்சியின் நிலைப்பாடாக இருந்தது. மாற்று இடமாக அவிநாசி சாலையில் நீலாம்பூர் பெயர் அடிபட்டது. கட்சிச் சண்டையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் இரு பக்கத்திலும் வலுவான வாதங்கள் இருந்தன. புறவழிச்சாலையும் போத்தனூர் ரயில் நிலையமும் அருகில் இருப்பது, வெளியூர்ப் பேருந்துகள் நகருக்குள் நுழையாமல் போவது ஆகியவை வெள்ளலூருக்குச் சாதகம். குறுகிய அணுகுசாலைகள், அருகிலுள்ள மாநகராட்சிக் குப்பைக் கிடங்கின் நாற்றம், சத்தியமங்கலம், மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து வருபவர்கள் நகரை முழுக்கக் கடந்து செல்ல வேண்டிய நிலை ஆகியவை பாதகம். (ரோமானிய நாணயங்கள் குவியல்களாகக் கிடைத்த வெள்ளலூர் இதுவே. பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சென்ற பழைய வணிகப் பாதையில் அது முக்கியமான ஊர். போக்குவரத்து மையமாகும் தகுதி அதற்கு இல்லை என்று வரலாறு படித்தவர் சொல்ல மாட்டார்.)

பயணியின் கணக்கை எடுத்துக்கொள்வோம். அன்னூரிலிருந்தோ புளியம்பட்டியிலிருந்தோ வரும் ஒரு தொழிலாளி காந்திபுரத்தில் இறங்கி, மாலையில் கடையில் எதையாவது வாங்கிக்கொண்டு அதே இடத்தில் பேருந்து ஏறுகிறார். நிலையம் பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் போனால் அவருக்குக் கூடுதலாக ஒரு பேருந்துக் கட்டணம், ஏறத்தாழ ஒரு மணி நேரம். கடைக்காரருக்கு ஒரு வாடிக்கையாளர் குறைவு. இது ஒருவரின் கணக்கு. நாள்தோறும் இறங்கும் ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்தால், அந்தத் தொகைதான் கிராஸ்கட் சாலையின் வாடகை மதிப்பு. வெள்ளலூர் பற்றிய பேச்சில் சாலை அகலம், நில அளவு, செலவான தொகை எல்லாம் விரிவாக வந்தன. இந்தக் கணக்கு அரிதாகவே வந்தது.

பிற நகரங்களில்

இடமாற்றத்தால் கடைவீதி அழிந்துவிடும் என்பதும் முழு உண்மையல்ல. சென்னையில் கொத்தவால் சாவடியின் மொத்தக் காய்கறி வணிகம் 1996-இல் கோயம்பேட்டுக்குச் சென்றது. 2002-இல் வெளியூர்ப் பேருந்துகளும் பாரிமுனையிலிருந்து கோயம்பேட்டுக்குச் சென்றன. பாரிமுனை வேறு சரக்குகளைக் கொண்டு தன்னை மாற்றிக்கொண்டது. அதற்குத் துறைமுகமும், உயர் நீதிமன்றமும், கடற்கரை ரயில் நிலையமும் துணை நின்றன. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் திறந்தபோது, ரயில் நிலையம் தயாராகும் முன்பே பேருந்துகளை மாற்றியதால் பயணிகள் பட்ட துன்பம் அறிந்ததே.

திருச்சி காந்தி மார்க்கெட் இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு. வணிகர்களை இடமாற்ற கள்ளிக்குடியில் சுமார் 77 கோடி ரூபாயில் கட்டிய சந்தை 2017-இல் திறக்கப்பட்டது. வணிகர்கள் போக மறுத்தனர். கட்டடங்கள் காலியாகக் கிடந்தன. வணிகர்களின் ஒப்புதல் கிடைக்காத இடமாற்றத்தின் விலை என்ன என்பதற்குக் கொங்கு நாட்டுக்கு மிக அருகில் கிடைக்கும் சான்று இது.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடிஸ் 1915-ஐ ஒட்டி சென்னை மாகாண நகரங்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். தஞ்சாவூரில் நெருக்கமான தெருக்களை இடித்து நேர்ச்சாலை போட நகராட்சி வைத்திருந்த திட்டத்தை அவர் ஏற்கவில்லை. சிதைந்த சில வீடுகளை மட்டும் அகற்றிச் சிறு திறந்தவெளிகளை உருவாக்கினால், பல மடங்கு குறைந்த செலவில் அதே பயன் கிடைக்கும் என்று காட்டினார். அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961-இல் வெளியிட்ட நூலில் இதையொட்டிய மற்றொரு கருத்தை வைத்தார்: புதிதாகத் தொழில் தொடங்குபவருக்குப் பழைய கட்டடத்தின் குறைந்த வாடகைதான் கட்டுப்படியாகும். காந்திபுரம் ஆறாம் வீதியின் ஓட்டுவீட்டில் கைபேசி பழுதுநீக்கும் இளைஞருக்கும் இது பொருந்தும். அந்த வீடு இடிந்து ஐந்து மாடி எழுந்தால், அவர் அங்கு இருக்கப் போவதில்லை.

வாடகைதாரரும் தள்ளுவண்டியும்

மறுசீரமைப்பால் ஆதாயம் பெறுபவர் நில உரிமையாளர். கடை நடத்துபவர் பெரும்பாலும் வாடகைதாரர். 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு, தமிழ்நாட்டில் 2019-இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபின், வாடகையும் காலமும் எழுத்து ஒப்பந்தத்தைப் பொறுத்தவை. பல ஆண்டுகளாக வாய்மொழியாகக் கடை நடத்தியவர்களுக்கு இது கடினமான மாற்றம். வணிகர் சங்கங்கள் வரி உயர்வுக்கும் நடைபாதைக் கடைகளுக்கும் எதிராகக் குரல் கொடுத்த அளவுக்கு இதைப் பற்றிப் பேசவில்லை.

நடைபாதை வியாபாரிகளுக்கு 2014-ஆம் ஆண்டின் நடுவண் சட்டம் ஒரு பிடிமானம் தந்தது. கணக்கெடுப்பு முடியும்வரை அவர்களை அப்புறப்படுத்தக் கூடாது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு இடம் வியாபாரிகளின் பிரதிநிதிகளுக்கு வேண்டும். நடைமுறையில் கிராஸ்கட் சாலையில் அகற்றுவதும் திரும்ப வருவதும் மாறிமாறி நடக்கின்றன. பெரிய துணிக்கடையின் வாசலில் கைக்குட்டையும் காலுறையும் விற்பவரை ஆக்கிரமிப்பு என்று சொல்வது எளிது. கூட்டம் வரும் இடத்தில் அவர் நிற்கிறார், அந்தக் கூட்டத்தைக் கொண்டுவருவது பெரிய கடை. பெரிய கடையில் எதுவும் வாங்காமல் திரும்புபவரும் வெறுங்கையோடு போகாமல் இருப்பது அவரால். இருவரும் ஒரே கடைவீதியின் இரு பகுதிகள்.

சிறை நிலமும் மெட்ரோவும்

காந்திபுரத்தை ஒட்டி இருக்கும் மிகப் பெரிய பொது நிலம் மத்திய சிறையினுடையது, 160 ஏக்கருக்கு மேற்பட்டது. 2010 ஜூனில் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டின்போது, அங்கு செம்மொழிப் பூங்கா அமையும் என அறிவிக்கப்பட்டது. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2025 நவம்பரில், முதல் கட்டமாக 45 ஏக்கரில் பூங்கா திறக்கப்பட்டது. சிறையை நகருக்கு வெளியே பிளிச்சிக்கு மாற்றும் ஏற்பாடும் உண்டு. நெரிசலான கடைவீதிக்கு அருகே மரநிழல் கிடைத்தது நல்லது. எஞ்சிய நிலத்தின் ஒரு பகுதியைப் பேருந்து, நடைபாதை, தள்ளுவண்டி ஆகியவற்றின் தேவைக்காகப் பயன்படுத்தலாமா என்ற கேள்வியும் விவாதிக்கத் தகுந்ததே.

1994-இல் ஒப்புதல் பெற்ற கோவை முழுமைத் திட்டம் முப்பது ஆண்டுகள் திருத்தப்படாமல் நடைமுறையில் இருந்தது. அடுத்த திட்டத்தின் வரைவு 2024-இல்தான் பொதுமக்கள் கருத்துக்கு வந்தது. அதாவது மேம்பாலமும், மாதிரிச் சாலையும், வெள்ளலூர் நிலையமும் பழைய திட்டம் நடப்பில் இருந்த காலத்திலேயே தனித்தனியாக முடிவானவை. அவிநாசி சாலை, சத்தி சாலை ஆகிய இரு தடங்களில் 34.8 கிலோமீட்டர் மெட்ரோ ரயில் அமைக்கும் திட்ட அறிக்கையை, மக்கள்தொகை 20 லட்சத்துக்குக் குறைவு என்ற காரணத்தைக் கூறி, நடுவண் அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பியது. மாநகராட்சி எல்லையைக் கணக்கில் கொண்டால் 2011 கணக்கெடுப்பில் கோவையின் மக்கள்தொகை 16 லட்சத்தை ஒட்டியது. சுற்றுப்புற நகர்ப்பகுதிகளைச் சேர்த்தால் 21 லட்சத்தைத் தாண்டும். காந்திபுரத்தில் நாள்தோறும் இறங்குபவர்களில் பலர் இவ்விரு கணக்குகளுக்கும் வெளியே, அன்னூரிலும் புளியம்பட்டியிலும் இருப்பவர்கள்.